டிசம்பர் வரைக்கும் வாக்குத்தத்த அட்டையை கிழிக்காம இருக்கிறது எப்படி

டிசம்பர் 31 ராத்திரி சர்ச்ல ஆராதனை முடிஞ்சு வர்றப்போ தட்டுல கவுத்து வச்சிருக்கிற வாக்குத்தத்த அட்டையில, அதான் வர்ற வருஷத்துக்குன்னு ஒரு பைபிள் வசனம் போட்ட அட்டைல, ஒண்ணு எடுப்போமே, அது ஜனவரி முழுக்க நல்லாத்தான் இருக்கும், பிரச்சனை ஆகஸ்ட்லதான். எனக்கு ஒரு வருஷம் சங்கீதம் 37:34 வந்துச்சு, கர்த்தருக்கு காத்திரு பூமியை சுதந்தரிப்பேன்னு. ஜூன்ல வேலை போச்சு, ஆகஸ்ட்ல ரெண்டு மாச வாடகை பாக்கி, பீரோ கண்ணாடில செலோடேப் போட்டு ஒட்டுன அந்த அட்டை தினமும் தலை சீவும்போது என்னையே பாத்துட்டு இருந்துச்சு. ஒரு நாள் கடுப்புல பிச்சு திருப்பி ஒட்டிட்டேன். பின்பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம், அதுவாச்சும் என்கிட்ட எதையும் நம்ப சொல்லல.

அப்போ கத்துக்கிட்டததான் எழுதுறேன், யாருக்காவது ஆகும்.

முதல்ல உங்களுக்கு வாக்கு குடுத்தது என்னன்னு தெளிவா பிரிச்சுக்கோங்க. பாதி விசுவாசம் உடையறது இங்கதான். நம்ம வேதாகமத்துல சுதந்தரம்னா ஆகஸ்ட் 15 இல்ல, அப்பன் சொத்துல வர்ற பங்கு. இயேசுவோட சீஷன் பேதுரு தன்னோட முதல் நிருபத்துல, அதாவது கடிதத்துல, அழியாத, மாசில்லாத, வாடாத சுதந்தரம்னு சொல்றாரே, அது பரலோகத்துல வச்சிருக்குன்னுதான் சொல்றாரு, மூணு பெட்ரூம் வீடுன்னு சொல்லல. அத யாருக்கு எழுதுனாருன்னும் பாருங்க, பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியான்னு சிதறி கிடந்தவங்களுக்கு, முதல் வசனத்துலயே பரதேசிகள்னு வருது, சொந்த ஊர் இல்லாம வேற ஊர்ல தங்குனவங்கன்னு அர்த்தம், நம்ம ஊர்ல திட்டறதுக்கு வச்சிருக்கிற வார்த்தை. ஒரு நோட்டு எடுத்து நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் தேவன் சொன்னது, இன்னொரு பக்கம் நானா சேத்துக்கிட்டதுன்னு எழுதுங்க. என் நோட்டுல ரெண்டாவது பக்கம்தான் ரொம்பி வழிஞ்சுச்சு, வருஷ கடைசிக்குள்ள வேலைன்னு நானே தேதி போட்டு வச்சிருந்தேன், அட்டைல தேதியே இல்ல.

இத எழுதி முடிச்சதும் எரேமியா 32 படிங்க, மெதுவா, ஒரு பத்திரம் படிக்கிற மாதிரி. யூதா தேசத்து சிதேக்கியா ராஜாவோட பத்தாம் வருஷம், கி.மு. 587 வாக்குல, பாபிலோன் படை எருசலேம சுத்தி நிக்குது, ஊருக்குள்ள பஞ்சம், எரேமியா தீர்க்கதரிசி காவல் முற்றத்துல அடைபட்டு கிடக்கிறாரு. அங்க பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்துல இருக்கிற என் நிலத்த வாங்கிக்கன்னு கேக்குறான். ஆனதோத்து எருசலேம்ல இருந்து அஞ்சு கிலோமீட்டர் கூட இருக்காது, அந்த பக்கமெல்லாம் எதிரி படை. இதவிட மோசமான நேரத்துல யாரும் ரியல் எஸ்டேட் பேசிருக்க மாட்டாங்க. அதோட எரேமியாவுக்கு பொண்டாட்டி புள்ள கிடையாது, கல்யாணம் பண்ணாதன்னு 16ஆம் அதிகாரத்துலயே சொல்லியாச்சு, அப்போ அந்த நிலம் யாருக்கு? ஆனாலும் தராசுல 17 சேக்கல் வெள்ளி நிறுத்து குடுக்கிறாரு, இன்னைய கணக்குக்கு 190 கிராம் சொச்சம். பத்திரம் எழுதி, சாட்சி கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டது ஒண்ணு திறந்த பிரதி ஒண்ணுன்னு ரெண்டையும் தனக்கு எழுத்து வேலை பாக்குற பாருக் கைல குடுத்து, ரொம்ப நாள் கெடாம இருக்க மண்பாண்டத்துல போட்டு வைன்னு சொல்றாரு. எங்க அம்மா வீட்டு பத்திரத்த பாலிதீன் கவர்ல சுத்தி அந்துருண்டை போட்டு ட்ரங்கு பெட்டி அடில வச்சிருக்காங்களே, அதே வேலைதான்.

அந்த அதிகாரம் பூரா தேடுனேன், எரேமியா சந்தோசமா இருந்தாரு, தைரியமா இருந்தாருன்னு ஒரு வரி கூட இல்ல. நிறுத்தாரு, எழுதுனாரு, பத்திரப்படுத்துனாரு. அதனால விசுவாசம் ஃபீல் ஆகலயேன்னு தவிக்கிறத விட்டுட்டு, அந்த வாக்கு நெசம்னா இன்னைக்கு நான் என்ன சின்ன வேலை செய்வேன்னு கேட்டு அத செய்ங்க. சின்னதா, கைக்காசுல முடியறதா இருக்கணும். நான் செஞ்சது ரெண்டு, நிறுத்தி வச்சிருந்த ஞாயிறு ஸ்கூல் வகுப்ப திரும்ப எடுத்தேன், அப்புறம் பழைய பரீட்சை புக்க அட்டை போட்டு தினம் காலைல ஒரு மணி நேரம் உக்காந்தேன். இதுக்காக கடன் வாங்கி விதை காணிக்கை, அதாவது பல மடங்கா திரும்ப வரும்னு குடுக்கிற காணிக்கை, போட்டா கதவு திறக்கும்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க, எரேமியா அனாமெயேலுக்கு கந்துவட்டிக்கு வாங்கி குடுக்கல, தன் கைல இருந்தத குடுத்தாரு.

அடுத்து, புலம்புங்க, சும்மா இல்ல, ஜெபத்துல. பத்திரம் குடுத்து முடிச்ச கையோட எரேமியா ஜெபம் பண்றாரு, வானத்தையும் பூமியையும் படைச்சவர்னு ஆரம்பிச்சு, போய் போய் கடைசில நகரம் கல்தேயர் (பாபிலோன்காரங்க) கைல போயிருச்சு, நீர் என்னடான்னா நிலத்த வாங்குன்னு சொல்றீரேன்னு முடிக்கிறாரு. வரிசைய கவனிங்க, வாங்குனது முதல்ல, கேள்வி அப்புறம். நம்மாளுங்க உல்டாவா எல்லா கேள்விக்கும் பதில் வந்தாதான் அடி எடுத்து வைப்போம்னு உக்காந்திருப்போம். கேள்வி கேட்டா விசுவாசம் போச்சுன்னு பயப்படவும் வேணாம், கேட்ட கேள்விக்கு பதிலும் அதே அதிகாரத்துலயே வருது, ஜனங்க திரும்பி வருவாங்க, இந்த தேசத்துல மறுபடி நிலம் வாங்குவாங்கன்னு.

அடுத்தவன் தப்பால நம்ம பங்கு லேட் ஆகறது ஒண்ணு இருக்கு, அது தனி வலி. அதுக்கு காலேப். எகிப்துல இருந்து வந்த இஸ்ரவேலருக்கு தேவன் தர்றேன்னு சொன்ன தேசத்த 40 வயசுல வேவு பாத்துட்டு வந்து, உள்ள போயிரலாம்னு சொன்ன ஆளு, மத்தவங்க பயந்ததால இவரும் சேந்து வனாந்தரத்துல நடக்க வேண்டியதா போச்சு, 85 வயசுல யோசுவாகிட்ட வந்து அந்த மலையத் தா, அங்க ராட்சசங்க மாதிரி ஏனாக்கியர் இருக்காங்கன்னு தெரியும், பரவால்லங்கிறாரு. 45 வருஷம். நான் இருந்தா 3ஆம் வருஷத்துலயே கேம்ப்ல எல்லார்கிட்டயும் சண்டை போட்டு குழு பிரிச்சிருப்பேன். காலேப் கிட்ட கத்துக்க வேண்டியது, சொன்ன வார்த்தைய இடம் நாளோட ஞாபகம் வச்சிருக்காரு, காதேஸ்பர்னேயாங்கிற இடத்துல கர்த்தர் மோசேகிட்ட சொன்னாருன்னு கரெக்டா எடுத்து வைக்கிறாரு. அதனால உங்களுக்கு ஆறுதலா வந்த வசனத்துக்கு பக்கத்துல தேதி போடுங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதுங்க, நம்ம மூளைய நம்பாதீங்க.

களைச்சு போயிருக்கும்போது எதையும் விக்காதீங்க. ஏசா வயல்ல இருந்து பசியோட வந்த நேரத்துலதான் பயற்றங்கூழுக்கு சேஷ்டபுத்திரபாகத்த, அதாவது மூத்த மகனுக்கு வர்ற உரிமைய, தம்பிக்கு குடுத்தான். ராத்திரி 11 மணிக்கு இனி சர்ச்சுக்கே போக மாட்டேன்னு தோணுதா, சாப்ட்டு படுங்க, காலைல முடிவு பண்ணலாம். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் இல்லன்னா டாக்டர பாருங்க, ஜெபமும் பண்ணுங்க, ரெண்டுக்கும் சண்டை இல்ல.

பாருக் மாதிரி ஒரு ஆளு வேணும், பத்திரத்த வச்சுக்கிற ஆளு. அறிவுரை சொல்ற ஆளு வேணாம், அது நிறைய இருக்கு. எனக்கு எங்க ஞாயிறு ஸ்கூல் அக்கா ஒருத்தங்க, நான் திருப்பி ஒட்டுன கதைய கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, அந்த வசனத்த அவங்க பைபிள்ல என் பேர போட்டு எழுதிக்கிட்டாங்க, உனக்கு முடியுறப்போ நீ திருப்பு அதுவரைக்கும் நான் வச்சிருக்கேன்னாங்க. அக்டோபர்ல திருப்புனேன், வேலை அப்பவும் கிடைக்கல.

எபேசியர் 1:14ல பரிசுத்த ஆவிய சுதந்தரத்தோட அச்சாரம்னு போட்டிருக்கே, நிலம் வாங்குறவங்களுக்கு அந்த வார்த்தை நல்லா புரியும். அச்சாரம் கைல வந்தா கிரயம் இன்னும் முடியலன்னு அர்த்தம், பேச்சு முறிஞ்சிருச்சுன்னு இல்ல. எனக்கு அந்த அக்டோபர்ல வந்தது அவ்ளோதான், வகுப்புல உக்காந்திருந்தப்போ காரணமே இல்லாம ஒரு அமைதி, பத்து நிமிஷம் இருந்திருக்கும்.

எரேமியா அந்த நிலத்துல கால் வச்சதா எங்கயும் இல்ல, கடைசில அவர எகிப்துக்கு இழுத்துட்டு போயிட்டாங்க, மண்பாண்டம் என்னாச்சுன்னும் எழுதல. ஆனா சுமார் 50 வருஷம் கழிச்சு பெர்சியாவோட கோரேஸ் ராஜா, பாபிலோனுக்கு சிறைபட்டு போனவங்கள ஊருக்கு போங்கன்னு விட்டதுக்கப்புறம் திரும்புனவங்க லிஸ்ட் ஒண்ணு எஸ்றா 2ல இருக்கு, வெறும் ஊர் பேரும் எண்ணிக்கையுமா ஓடும், எல்லாரும் தாண்டிட்டு போற அதிகாரம். 23ஆம் வசனத்துல நிறுத்துங்க. ஆனதோத்து ஊர்க்காரங்க, 128 பேரு.