பூங்கா ஓட்டத்துக்கு முதல்முறை போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு லண்டனின் தென்மேற்கில் இருக்கும் புஷி பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். டயானா நீரூற்றுக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருப்பார்கள். எழுபது தாண்டிய தாத்தா, பள்ளிப் பிள்ளைகள், முழங்காலில் பட்டை கட்டியவர், கிளப் சட்டை போட்ட வேகக்காரர்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி 5 கிலோமீட்டர் ஓடுவார்கள், இல்லையென்றால் நடப்பார்கள். கட்டணமும் கிடையாது, பரிசும் கிடையாது. இதற்குப் பெயர் பார்க்ரன்.

இது தொடங்கியதும் இதே பூங்காவில்தான். 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஓடினார்கள். ஏற்பாடு செய்த பால் சின்டன்-ஹியூவிட்டுக்கு அப்போது காயம். ஓட முடியாத நிலையிலும் நண்பர்களை விட்டுவிட மனமில்லாமல் இதைத் தொடங்கினார். ஹார்டுவேர் கடை வாஷர்களில் எண்களைப் பொறித்து, வந்து சேர்ந்த வரிசைப்படி கையில் கொடுத்தார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடக்கிறது. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் உண்டு, மலேசியாவிலும் உண்டு. வாஷருக்குப் பதில் பிளாஸ்டிக் டோக்கன் வந்துவிட்டது, ஆனால் நடைமுறை மாறவில்லை. நடத்துபவர்கள் அக்கம்பக்கத்து ஆட்கள்தான், ஒருவருக்கும் சம்பளம் இல்லை. புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இது தெரியாததால் வருபவை.

பெரிய தவறு, வராமலே இருப்பது. "ஓட்டமெல்லாம் நமக்கு எதுக்கு, கடைசியா வந்தா அசிங்கம்" என்று நம் வீடுகளில் எத்தனை அம்மாக்கள், அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் கடைசியாக வரவே முடியாது. டெயில் வாக்கர் என்று ஒரு தன்னார்வலர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான். ஒரு மணி நேரம் ஆனாலும் அவர் உங்களோடுதான் வருவார். முழுக்க நடந்தே முடிக்கலாம். அப்படி முடிப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் இருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முன்

இணையத்தில் ஒருமுறை பதிவு செய்தால் ஒரு பார்கோட் கிடைக்கும். எந்த நாட்டில் ஓடினாலும் அதே பார்கோட்தான். அதை மறந்துவிட்டு வந்தால் ஓடலாம், ஆனால் நேரம் உங்கள் பெயரில் வராது. முடிவில் நின்று கெஞ்சினாலும் பயனில்லை, ஏனென்றால் அங்கே இருப்பவர் கையில் ஸ்கேன் செய்யும் போன் மட்டும்தான் இருக்கும். உங்கள் போனில் காட்டலாம். ஆனால் குளிரில் பேட்டரி இறங்கும், மழையில் திரை ஈரமாகும். அதனால் ஒரு அட்டையில் அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்வதே நல்லது. அதில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற விவரமும் இருக்கும். வழியில் மயங்கி விழுந்தால் உங்களைத் தூக்கிவிடுபவருக்கு அந்த அட்டைதான் முதல் உதவி.

உடை விஷயத்தில் நாம் குளிருக்குப் பயந்தவர்கள். ஸ்வெட்டர், அதற்கு மேல் தடித்த ஜாக்கெட், தலைக்குக் குல்லா என்று வந்து நிற்போம். முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் உள்ளே வியர்த்து நனைந்துவிடும், கழற்றிய ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மீதி தூரமும் அது தட்டத் தட்ட ஓட வேண்டியிருக்கும். புறப்படும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் உடை சரி. சல்வாரில் வருபவர்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், காலில் சிக்கும். புது ஷூவை அன்றைக்குத்தான் முதல்முறை போடுவது வேண்டாத வேலை. ஒரு வாரம் கடைக்கும் வேலைக்கும் போட்டுப் பழக்குங்கள்.

சாப்பாடு? இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். பொங்கல் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். தெற்காசியர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம், சின்ன வயதிலேயே வருவதும் உண்டு. நாற்பதைத் தாண்டி, பல வருடமாக உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர் என்றால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் குளுக்கோஸ் மிட்டாய் பையில் இல்லாமல் வரவே கூடாது. நெஞ்சு இறுக்கமோ, கை அல்லது தாடைக்குப் பரவும் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் அந்த நிமிடமே நின்று, பாதையோரம் வழிகாட்ட நிற்கும் மார்ஷலிடம் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம்தானே" என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிரிட்டனில் நடக்கும் பார்க்ரன்களில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவி கிடைக்கும்படி ஏற்பாடு இருக்கும். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அது உங்களிடம் வந்து சேரும்.

தொடக்கக் கோடு

முதல்முறை வருபவர்களுக்கு என்று ஒரு சின்ன விளக்கக் கூட்டம் நடக்கும், ஐந்து நிமிடம்தான். அதைத் தவறவிட்டு ஓரமாக நின்று கால் நீட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் பிறகு பாதையில் வழி தெரியாமல் விழிப்பார்கள். பொது அறிவிப்பு நடக்கும்போது பேச்சைக் கொஞ்சம் நிறுத்துவது மரியாதை. அன்றைக்கு எங்கே சேறு, எங்கே மரம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் சொல்வார்கள்.

அப்புறம், நிற்கும் இடம். 18 நிமிடத்தில் முடிப்பவர்கள் முன்னால் நிற்பார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கிறதே என்று அவர்கள் நடுவில் போய் நின்றால், கிளம்பிய நொடியில் பின்னாலிருந்து நூறு பேர் உங்களை உரசிக்கொண்டு போவார்கள். பயத்தில் நீங்களும் அவர்கள் வேகத்துக்கு ஓடுவீர்கள். 40 நிமிடத்தில் முடிக்க நினைப்பவருக்குக் கிலோமீட்டருக்கு 8 நிமிடம்தான் சரியான வேகம். முதல் கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடிவிட்டால் இரண்டாவதில் மூச்சு வாங்கும், மூன்றாவதில் நடக்கக்கூடப் பிடிக்காது. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. பாதிப் பேச்சில் மூச்சு முட்டினால் குறையுங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று பிரித்துக்கொண்டால் புதியவர்களுக்கு இன்னும் எளிது.

பூங்கா நம்முடையது மட்டும் அல்ல

புஷி பூங்காவில் சுமார் 320 மான்கள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன, செம்மான்களும் புள்ளிபோட்ட ஃபேலோ மான்களும். மூடுபனி இறங்கிய காலையில் புல்லுக்கு நடுவே கொம்புகள் மட்டும் தெரியும். அந்த அழகைப் பார்த்தால் யாருக்கும் போனை எடுத்துக்கொண்டு கிட்டப் போகத்தான் தோன்றும். போகாதீர்கள். 50 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா நிர்வாகத்தின் விதி. செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இணைசேரும் காலம், ஆண் மான்கள் ஒன்றோடொன்று கொம்பு மோதிக்கொண்டு எதன் மேலும் பாயும். மே முதல் ஜூலை வரை குட்டிகளை உயரமான புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டுத் தாய் மான் அருகில் மேயும். கூட்டம் பாதையைக் கடந்தால் நின்று வழிவிடுங்கள், நடுவே புகுந்து ஓடாதீர்கள். உங்கள் நேரத்தில் அரை நிமிடம் போனால் போகட்டும்.

அங்கே நிற்கும் ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்கள் இலையுதிர்காலத்தில் பழுப்பு நிறக் கொட்டைகளை உதிர்க்கும். பெரிய கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கும், இலைக்கு அடியில் கிடந்தால் தெரியாது. மிதித்தால் கணுக்கால் பிசகிவிடும். மரங்களுக்குக் கீழே போகும்போது கண் தரையில் இருக்கட்டும்.

நான்கு பேராகச் சேர்ந்து பாதையை அடைத்துக்கொண்டு போவது இன்னொரு பழக்கம். நாம் பேசிக்கொண்டே போகத்தான் வந்திருக்கிறோம், அதில் தப்பில்லை. இரண்டிரண்டு பேராக இடப்பக்கம் ஒதுங்கினால் போதும். நாயோடு நடக்கும் பெரியவருக்கும் சைக்கிளில் போகும் பிள்ளைக்கும் நம் ஓட்டம் ஒரு இடைஞ்சல் ஆகிவிடக் கூடாது. இரண்டு காதிலும் பாட்டை அலறவிட்டால் பின்னால் வருபவர் குரல் கொடுப்பது கேட்காது.

குழந்தைகளைக் கூட்டி வருபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: 11 வயதுக்குக் கீழே இருந்தால் கை நீட்டினால் தொடும் தூரத்திலேயே உங்களோடு ஓட வேண்டும். பையன் வேகமாக ஓடுகிறான் என்று முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் மூச்சிரைக்க வரும் அப்பாக்களை நிறையப் பார்க்கலாம். அந்தப் பையன் விழுந்தால் யாரும் இல்லை. 4 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் 2 கிலோமீட்டர் ஜூனியர் ஓட்டம் தனியே பல பூங்காக்களில் நடக்கிறது. தனியாக ஓட ஆசைப்படும் பிள்ளையை அங்கே கூட்டிப் போங்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபின்

மற்ற தவறுகளால் உங்களுக்குத்தான் நஷ்டம். இங்கே செய்யும் தவறு உங்களுக்குப் பின்னால் வரும் அத்தனை பேரையும் பாதிக்கும்.

முடிவுக் கோட்டில் ஒருவர் நேரக் கருவியோடு நிற்பார். ஒவ்வொருவர் தாண்டும்போதும் ஒருமுறை அழுத்துவார். யார் வந்தது என்று கருவிக்குத் தெரியாது, எத்தனையாவது ஆள் என்பது மட்டும்தான் பதிவாகும். தாண்டியவர்கள் இருபக்கமும் கயிறு கட்டிய ஒரு குறுகிய வழியில் வந்த வரிசையிலேயே நடந்து போனால், மறுமுனையில் எண் போட்ட டோக்கன் கொடுப்பார்கள். அதற்கடுத்து நிற்பவர் உங்கள் பார்கோடையும் டோக்கனையும் ஸ்கேன் செய்வார். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பெயருக்கு நேரே நேரம் விழும்.

241ஆவதாக வந்தவர் டோக்கன் வாங்காமல் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வந்தவர் கையில் 241 டோக்கன் போகும், முன்னால் போனவரின் நேரம் இவர் பெயரில் ஏறும். அவருக்குப் பின்னால் வரும் எண்ணூறு பேருக்கும் இப்படியே ஒவ்வொரு இடம் தள்ளிப்போகும். கயிற்று வழிக்குள் ஒருவரை முந்தினாலும் குழப்பம்தான். அக்காவை உற்சாகப்படுத்தக் கடைசி ஐம்பது மீட்டர் கூடவே ஓடிவரும் தம்பியும் கோட்டைத் தாண்டினால் அவருக்கும் ஒரு அழுத்து விழுந்துவிடும். கோட்டுக்கு முன்னாலேயே அவர் ஒதுங்கிவிட வேண்டும். தாண்டியதும் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள், நாலு அடி நடந்துவிட்டு நில்லுங்கள்.

ஒரு ஈரமான நவம்பர் காலையில் எங்கள் பக்கத்து சின்னப் பூங்காவில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஒரு அக்கா நடந்தே வந்து சேர்ந்தார். சல்வாரின் ஓரமெல்லாம் சேறு. டோக்கனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழிலேயே கேட்டார்: "தம்பி, இதை நான் வச்சுக்கலாமா?" வச்சுக்கோங்க என்று சொல்லத்தான் மனசு வந்தது. "இல்லைக்கா, ஸ்கேன் பண்ணதும் அந்தப் பெட்டியில போட்டுடுங்க. பேரும் நேரமும் உங்களுக்கு மெயில்ல வரும்" என்றேன். அவர் அதை இரண்டு கையாலும் பெட்டியில் வைத்தார். அன்று முடிந்தபின் நாங்கள் நான்கு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து டோக்கன்களை ஒன்றிலிருந்து வரிசையாக அடுக்கினோம். ஒவ்வொரு வாரமும் இது நடக்கும். ஒரு எண் இல்லையென்றால் அடுத்த ஓட்டத்தில் அந்த இடத்துக்கு மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும்.

இப்படி ஒரு நாள் நின்று பார்க்காமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதையும் நான் தவறு என்றுதான் சொல்வேன். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது தன்னார்வலர்களின் பளிச்சென்ற மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு திருப்பத்தில் மார்ஷலாக நில்லுங்கள். வேலையை அன்று காலையிலேயே சொல்லித் தருவார்கள், ஓடத் தெரிந்திருக்கவே வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பதிவு செய்துவிட்டுக் கூட்டி வரலாம்.

வீட்டுக்குப் போனதும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. உயரமான புல்லில் காலை வைத்திருந்தால் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னாலும் இடுப்பைச் சுற்றியும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது லைம் என்ற தொற்று நோயைப் பரப்பக்கூடும். இருந்தால் நசுக்காமல், கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அப்புறம், துவைக்கப் போடும் முன் கால்சட்டைப் பையைத் தடவிப் பாருங்கள். டோக்கன் அகப்பட்டால் அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.