காதுவலிக்குப் பூண்டெண்ணெய்: ஆதாரம் இருக்கிறதா என்று நீங்களே பார்ப்பது எப்படி?

காதுவலி என்று சொன்னால் போதும், பூண்டெண்ணெய், துளசிச் சாறு, கற்பூரவல்லிச் சாறு என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக வந்து விழும். "எங்க பையனுக்கு ஒரே ராத்திரியில சரியாயிடுச்சு" என்று அத்தை சொல்வது பொய்யில்லை. பூண்டினால்தான் சரியானதா என்பதுதான் கேள்வி.

படி 1: எந்தக் காதுவலி என்று கேளுங்கள். சளிக்குப் பின் செவிப்பறைக்கு உள்ளே சீழ் கோப்பது ஒன்று. வெளிக்காதுக் குழாயில் புண் அல்லது பூஞ்சை இன்னொன்று. சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சைக்குக் கேட்கவே வேண்டாம். சொத்தைப் பல்லும் காதில் வலிக்கும்.

படி 2: ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? குழந்தைகளின் நடுக்காது அழற்சியில் (மேலே சொன்ன, செவிப்பறைக்கு உள்ளே சீழ் கோக்கும் வகை), ஆன்டிபயாடிக் இல்லாமலே பாதிப் பேருக்கு மேல் ஒரு நாளில் வலி குறைந்துவிடுகிறது. அத்தையின் "ஒரே ராத்திரி" இதில் அடங்கிவிடும்.

படி 3: எதோடு ஒப்பிட்டார்கள்? ஆய்வைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இதைத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் (PubMed) இணையதளத்தில் ஆய்வுச் சுருக்கங்கள் இலவசம். 2003-இல் இஸ்ரேலில் 171 பிள்ளைகளிடம் பூண்டு கலந்த மூலிகைச் சொட்டையும் மரத்துப்போகச் செய்யும் சொட்டையும் ஒப்பிட்டார்கள். எல்லாக் குழுவிலும் வலி குறைந்தது. மூலிகைக் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன். அதை மட்டும் எடுத்துக்கொண்டு "நிரூபணம்" என்று பகிர்கிறார்கள். ஆனால் வலி குறைந்ததில் சுமார் 80 சதவீதம் நாள் கடந்ததால்தான், சிகிச்சையின் பங்கு 7.3 சதவீதமே என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சொட்டே விடாத குழு அதில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

படி 4: ஆய்வில் இருந்ததும் உங்கள் கரண்டியில் இருப்பதும் ஒன்றா? பச்சைப் பூண்டை நசுக்கினால் வரும் அல்லிசின் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்லும், உண்மைதான். சூடு பட்டால் அது சிதைந்துவிடும். நாமோ எண்ணெயில் பொரியவிட்டு எடுக்கிறோம். அதோடு, ஓட்டை இல்லாத செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் நடுக்காதுக்குள் போகாது.

படி 5: கெடுதல் என்ன? செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியது நேரே உள்ளே போகும். வீட்டுச் சாறு கிருமி நீக்கியதும் அல்ல. சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும், எதையும் ஊற்றும் முன் ஒரு மருத்துவர் கருவி வைத்துக் காதைப் பார்க்கட்டும். சீழ் வடிந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.