டிஏ பாலிஷரால் கார் பெயின்ட் பாலிஷ்: முதல்முறை செய்பவர்களுக்கு

காலையில் காரில் படிந்திருக்கும் புழுதியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிகிறதா? பெரும்பாலும் அந்தத் துணியின் வேலைதான். வாக்ஸ் போட்டால் கொஞ்ச நாள் மறையும், போகாது. போக வேண்டுமென்றால் கீறலின் அடி மட்டம் வரை சுற்றியுள்ள பெயின்ட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். மெஷின் பாலிஷ் என்பது அவ்வளவுதான்.

எடுப்பதற்கு அதிகம் இல்லை என்பதுதான் சிக்கல். கம்பெனி பெயின்ட்டின் மேலே இருக்கும் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. அதனால் எல்லாக் கீறலையும் ஒழித்தே தீருவேன் என்று இறங்காதீர்கள். நகத்தால் வருடும்போது தட்டுப்படும் கீறலை அப்படியே விட்டுவிடுங்கள். மேட் ஃபினிஷ் காராக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

மெஷின் எது?

டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர் வாங்குங்கள். இதில் பேட், அதாவது பெயின்ட்டைத் தேய்க்கும் வட்டமான ஃபோம், சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் சூடு சேராது. அளவு மீறி அழுத்தினால் சுழற்சி தானாக நின்றுவிடும். புதியவருக்கு அதுவே பாதுகாப்பு. ஆடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி பாலிஷர் வேகமாக வெட்டும், ஆனால் கை பழகாதவரிடம் பெயின்ட்டை எரித்துவிடும். வீட்டில் கிடக்கும் கட்டிங் கிரைண்டரில் பேட் மாட்டும் யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும், ரோட்டரி பாலிஷருக்கே 3,000 போதும்.

தயாரிப்பு

ஷாம்பு வாஷ் செய்து, கிளே பார் (ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) தேய்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள். பெயின்ட் மேல் கை வைத்தால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. கருப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், பேட்ஜ், கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். விளிம்பில் பெயின்ட் மெலிதாக இருக்கும், முதலில் தேய்ந்து போவதும் அங்கேதான். காரை நிழலில் நிறுத்தி, பானெட் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு தொடங்குங்கள். சூட்டில் பாலிஷும் காம்பவுண்டும் (பாலிஷைவிட வேகமாக வெட்டும் பசை) உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

டெஸ்ட் ஸ்பாட்

கார் முழுவதும் இறங்கும் முன் ஒரு சின்ன இடத்தில் ஒத்திகை. அவசரப்படுபவர்கள் தாண்டிவிடும் இடம் இது. பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப்பால் கட்டம் கட்டுங்கள். மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் (மென்மையாக வெட்டும் பாலிஷ்) இரண்டையும் சேர்த்துத் தொடங்குங்கள். பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினைப் பெயின்ட் மேல் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லையென்றால் சட்டை முதல் சுவர் வரை பாலிஷ் தெறிக்கும். வேகம் 1-இல் பரப்பி, பிறகு 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள்.

கை நகரும் வேகம் நொடிக்கு ஓர் அங்குலம். புதியவர்கள் எல்லாருமே இதைவிட வேகமாகத்தான் ஓட்டுவார்கள். இடமிருந்து வலம் ஒரு சுற்று, மேலிருந்து கீழ் ஒரு சுற்று, ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூட வேண்டும். நாலு முதல் ஆறு சுற்று. மெஷினின் எடையே கிட்டத்தட்டப் போதும், கை வழிகாட்டினால் சரி. பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றிவருவது கண்ணுக்குத் தெரிந்தால் பேட் சுழல்கிறது. நின்றிருந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

மைக்ரோஃபைபர் துணியால் துடைத்ததும் பளபளவென்று இருக்கும். நம்பாதீர்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பியிருக்கலாம், ரெண்டு வாஷில் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நாலு பங்கு தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் கார் முழுவதும் இதே பேட்-பாலிஷ் கூட்டணிதான். போகவில்லையென்றால் முதலில் கொஞ்சம் கடினமான பேட், அப்புறமும் நிற்கிறது என்றால்தான் காம்பவுண்ட். காம்பவுண்ட் போட்டால் பின்னாலேயே ஃபினிஷிங் பாலிஷும் ஒரு சுற்று தேவை, இல்லையென்றால் புகை படிந்த மாதிரி மங்கல் நிற்கும். டிங்கரிங் முடிந்து மறுபடி பெயின்ட் அடித்த கதவு இருந்தால் அதற்குத் தனி டெஸ்ட் ஸ்பாட். அந்தப் பெயின்ட்டின் கடினம் வேறாக இருக்கும்.

கார் முழுவதும்

அதே அளவுக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். வயரைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் பெயின்ட்டில் உரசாது. அடுத்தடுத்த கட்டத்துக்கு ரெண்டு மூணு சொட்டு போதும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பேடைப் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பம்பரில் வேகத்தைக் குறையுங்கள், பிளாஸ்டிக்கில் சூடு பரவாமல் அங்கேயே தங்கும். கைவசம் நாலைந்து பேட் இருக்கட்டும். தரையில் விழுந்த பேட் அன்றைக்கு லீவு, அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் புதுக் கீறல் போட.

கடைசியில் இன்னொரு முறை ஆல்கஹால் கலவையால் துடைத்து, பெயின்ட்டைப் பாதுகாக்க சீலன்ட் அல்லது வாக்ஸ் போடுங்கள். பேடுகளை அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்திவிடுங்கள். காம்பவுண்ட் காய்ந்து இறுகிய ஃபோம் அடுத்த தடவைக்கு உதவாது.