ஜெரெஷ்க் பொலோ: பார்பெர்ரியைக் கருக விடாமல் சமைப்பது எப்படி?

இரானியக் கடைகளில் சிறு பொட்டலங்களாக விற்கப்படும் செந்நிற உலர்கனிகளைத் திராட்சை வகை என்று நினைத்து வாயில் போட்டவர்கள் புளிப்புத் தாங்காமல் முகத்தைச் சுளித்திருப்பார்கள். இரானியர் ஜெரெஷ்க் என்றும் ஆங்கிலத்தில் பார்பெர்ரி என்றும் அழைக்கும் இந்தக் கனியைக் கொண்டு செய்யப்படும் ஜெரெஷ்க் பொலோ, குங்குமப்பூச் சோறும் கோழியும் சேர்ந்த விருந்து உணவு. இரானில் திருமணப் பந்திகளில் அடிக்கடி காணக்கூடியது. இணையத்தில் இதற்குச் செய்முறைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பல, பார்பெர்ரியை வெண்ணெயில் லேசாக வதக்கவும் என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சமையல் கெடுவது அந்த வரியில்தான் என்பதால், இந்த விளக்கம் சோற்றையும் கோழியையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கனியின் பக்கம் அதிக நேரம் நிற்கிறது. சோறு வடிக்கவும் கோழிக் குழம்பு வைக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதை வாங்குவது

கடைக்கு வரும் உலர்ந்த ஜெரெஷ்க்கில் பெரும்பங்கு இரானின் கிழக்கே உள்ள தெற்கு கொராசான் மாகாணத்தில், பீர்ஜந்த், காயென் ஆகிய ஊர்களைச் சுற்றி விளைகிறது. மழை குறைந்த அந்த மேட்டுநிலம் குங்குமப்பூவுக்கும் பெயர் பெற்றது. இரண்டும் ஒரே வட்டாரத்தில் இலையுதிர்காலத்தில் அறுவடைக்கு வருவதால், இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்திருப்பதில் வியப்பில்லை. அங்கே பயிரிடப்படுவது விதையில்லாத வகை. விதை இல்லாததால் வேரடியில் கிளம்பும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டே செடியைப் பெருக்குகிறார்கள். வாங்கிய கனியைக் கடித்ததும் பல்லில் விதை தட்டுப்பட்டால் அது வேறு இனம் அல்லது காட்டு வகை. சாறு பிழிய நன்று, சோற்றுக்கு ஆகாது.

உலர்த்தும் முறையில் இரண்டு வகை உண்டு. குலைகளோடு கிளையை வெட்டி, காற்றோட்டமான நிழலில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்தினால், கனி சுருங்காமல் உப்பலாகவே காய்கிறது. இதைப் பொஃபகி என்பார்கள். கனிகளை உதிர்த்து உலர்த்துவது மற்றொரு வகை. முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பொஃபகிதான். நிறம் நன்றாக நிற்கிறது, கொஞ்சம் ஊறினாலே போதும், வெண்ணெயில் பட்டதும் பளபளப்பாகிறது. நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: பளிச்சென்ற சிவப்பு புதியது, கருஞ்சிவப்பு என்றால் ஓர் ஆண்டாவது கடையில் கிடந்தது என்று ஊகிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்துவிடுங்கள். அலமாரியில் வைத்தால் சில மாதங்களில் கறுத்துப்போகும்.

நான்கு பேருக்குத் தேவையானவை

பாசுமதி அரிசி 2 கப். உலர்ந்த பார்பெர்ரி அரை கப். குங்குமப்பூ அரைத் தேக்கரண்டி. வெண்ணெய் 4 மேசைக்கரண்டி. சர்க்கரை 1 மேசைக்கரண்டி. எலும்போடு கூடிய கோழிக்கால் துண்டுகள் 8. பெரிய வெங்காயம் 2. தக்காளி விழுது 2 மேசைக்கரண்டி. மஞ்சள்தூள், மிளகுத்தூள், உப்பு, எண்ணெய். சீவிய பிஸ்தா ஒரு கைப்பிடி. இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் எடுக்காதீர்கள். கனியின் புளிப்பும் குங்குமப்பூவின் மணமும் தெரிய வேண்டுமானால் மற்றவை அடங்கியிருக்க வேண்டும். புழுங்கலரிசியும் செல்லா எனப்படும் புழுங்கல் பாசுமதியும் இதற்குப் பொருந்தா. பழைய பச்சரிசி பாசுமதியே வேண்டும்.

படி 1: குங்குமப்பூ

இழைகளோடு ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துச் சிறு உரலில் பொடியாக இடித்து, 3 மேசைக்கரண்டி வெந்நீரில் கலந்து, மூடி ஒதுக்கி வையுங்கள். இழையை அப்படியே பாலில் போடும் நம் பழக்கத்தில் பாதி நிறம் இழையிலேயே தங்கிவிடுகிறது. மின்னரைப்பான் வேண்டாம், இவ்வளவு சிறிய அளவு அதன் அலகுக்கு எட்டாது.

படி 2: கனியை ஆய்ந்து கழுவுதல்

கனியை வெள்ளைத் தட்டில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுமையாக ஆய வேண்டும். கிளையோடு உலர்ந்த சரக்கில் காம்பும் இலைத்துணுக்கும் இருக்கும். அவற்றைவிட முக்கியமாகத் தேட வேண்டியது முள். பார்பெர்ரிச் செடியின் முட்கள் பெரும்பாலும் ஒரே அடியிலிருந்து மூன்றாகப் பிரிந்து நிற்பவை. காய்ந்தபின் வைக்கோல் நிறத்தில், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், காம்பைப் போலவே தோற்றமளிக்கும். விரல் நுனியால் தட்டின் மேல் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது கைக்குத் தெரியும்.

பிறகு அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த நீரை நிரப்பிக் கனியைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். கனி மிதக்கும், மண் அடியில் தங்கும். தண்ணீரோடு சேர்த்து வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கனியின் மேலேயே வந்து விழும் என்பதால், கையாலோ சல்லடைக் கரண்டியாலோ மேலிருந்து அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்து, இறுதியில் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் நிறமும் புளிப்பும் தண்ணீரோடு போய்விடும்.

படி 3: கோழி

வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மஞ்சளும் மிளகும் உப்பும் தடவிய கோழியை இருபுறமும் சிவக்க விட்டு, தக்காளி விழுதைச் சேர்த்துப் பச்சை வாடை போக வதக்கி, ஒரு கப் வெந்நீர் ஊற்றி மூடி, சிறுதீயில் முக்கால் மணிநேரம் வேகவிடுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு மேசைக்கரண்டி குங்குமப்பூ நீர். இதில் தவறுவதற்கு அதிகமாக ஒன்றுமில்லை.

படி 4: சோறு

அரிசியைக் கழுவி உப்பு நீரில் ஒரு மணிநேரம் ஊறவைக்கவும். பெரிய பாத்திரத்தில் உப்பிட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, ஆறேழு நிமிடத்தில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். மேல்புறம் மெத்தென்றும் நடுவில் சிறு நரம்பு மட்டும் கடினமாகவும் இருந்தால் உடனே வடித்துவிடுங்கள். பிறகு அடிகனமான பாத்திரத்தில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கையோ மெல்லிய லவாஷ் ரொட்டியையோ அடியில் பரப்பி, அதன்மேல் சோற்றைக் கூம்பாகக் குவித்து, கரண்டிக் காம்பால் நாலைந்து துளை போட்டு, மேலே 2 மேசைக்கரண்டி வெண்ணெயைத் துண்டுகளாக இடுங்கள். ஆவி கிளம்பும்வரை நடுத்தரத் தீ. பிறகு மூடியைத் துணியால் சுற்றி மூடிச் சிறுதீயில் நாற்பது நிமிடம். துணி ஆவிநீரை உறிஞ்சிக்கொள்வதால் சோறு குழைவதில்லை. துணியின் முனைகளை மூடியின் மேலே தூக்கி முடிந்துவிடுங்கள். தொங்கும் முனை தீப்பிடிக்கும்.

அடியில் மொறுமொறுவென்று பிடிக்கும் பகுதிக்குத் தாதீக் என்று பெயர். நம் வீட்டில் காந்தல் என்று ஓரமாக ஒதுக்கப்படுவதை அங்கே விருந்தினர் போட்டி போட்டுக்கொண்டு எடுப்பார்கள். பாத்திரத்தின் அடியை ஒரு நிமிடம் குளிர்ந்த நீரில் வைத்து எடுத்தால் தாதீக் உடையாமல் கழன்று வரும்.

படி 5: கனியை வதக்குதல்

இனிதான் கவனம் வேண்டும். தமிழ்ச் சமையலில் பழகிய கை, கொழுப்பைக் கண்டதும் அதைத் தாளிப்புச் சூட்டுக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் பொருளைப் போடும். கடுகும் உளுந்தும் அந்தச் சூட்டைக் கேட்பவை. பார்பெர்ரி அதில் அரை நிமிடம்கூடத் தாங்காது. மெல்லிய தோல், உள்ளே மிகக் குறைந்த ஈரம், கூடவே கனியின் சொந்தச் சர்க்கரை ஆகிய மூன்றும் சேர்ந்து, சிவப்பாக இருந்தது கண்ணெதிரே பழுப்பாகிப் பின் கறுத்துவிடும். கறுத்த கனி கசக்கும். பிறகு எவ்வளவு சர்க்கரை சேர்த்தாலும் அந்தக் கசப்பு மறையாது.

வாணலியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. என் விருப்பம், உட்புறம் வெளிர்நிறமாக உள்ள சிறிய எஃகு வாணலி. கறுப்பு நான்ஸ்டிக்கில் கனியின் நிறம் மாறுவது உடனே தெரியாது. இரும்புக் கடாய் இதற்கு வேண்டவே வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகும் அது சூட்டை விடாது, அத்தோடு புளிப்புள்ள பொருள் இரும்பில் பட்டால் நிறம் மங்கும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வாணலியில் மீதியுள்ள 2 மேசைக்கரண்டி வெண்ணெய், சர்க்கரை, 2 மேசைக்கரண்டி தண்ணீர் மூன்றையும் போடுங்கள். இருப்பதிலேயே சிறிய தீயில் வெண்ணெய் உருகிச் சர்க்கரை கரைந்ததும் கனியைச் சேர்த்து, கரண்டியை நிறுத்தாமல் புரட்டுங்கள். வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. அந்த நேரத்தில் கனி ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. கேட்க வேண்டியது ஓசையை. முதலில் களகளவென்று மெல்லிய கொதிப்பு இருக்கும். நீர் வற்றும்போது அது சிறு சடசடப்பாக மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்த உடனே வாணலியை இறக்கிக் கனியை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட வேண்டும். பொதுவாக இதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். ஆனால் கடிகாரத்தைவிட ஓசையை நம்புங்கள். கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு ஒரு மேசைக்கரண்டி குங்குமப்பூ நீரையும் பிஸ்தாவையும் கலந்துகொள்ளலாம்.

படி 6: சேர்த்துப் பரிமாறுதல்

இரண்டு மூன்று கரண்டிச் சோற்றைத் தனியே எடுத்து மீதிக் குங்குமப்பூ நீரில் கலந்து மஞ்சளாக்குங்கள். வெள்ளைச் சோற்றைத் தட்டில் பரப்பி, மேலே மஞ்சள் சோறு, அதன் மேல் கனி. கோழி பக்கத்தில். கனியைத் தொடக்கத்திலேயே சோற்றோடு தம்மில் போடுவோரும் உண்டு; நிறம் மங்கிச் சோறு முழுவதும் கறை படிகிறது என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்த்தபோது கருகிவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் உண்டு. நெய்யில் அது இல்லை. நெய்தான் வேண்டுமென்றால் தண்ணீரை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: குறைந்த அளவில் வைத்தாலும் சில அடுப்புகள் விட்டுவிட்டு முழு வேகத்தில் சூடேற்றுகின்றன. வாணலியைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தூக்கிப் பிடியுங்கள்.

பார்பெர்ரி கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு என் பதில், இனிப்பூட்டாத உலர்ந்த கிரான்பெர்ரியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாறு தெளித்துக்கொள்ளலாம் என்பது; ஏறத்தாழ ஒத்துவரும். உலர்ந்த மாதுளை விதையில் புளிப்பு உண்டு, ஆனால் விதை பல்லில் சிக்கும்.

நீலகிரியில் சோலை ஓரங்களில் வளரும் ஊசிக்களா இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதன் பழம் உண்ணத்தக்கது, நீலங்கலந்த கருநிறமுடையது. விதை உள்ளதால் வாயில் போட்டுச் சப்பத்தான் ஏற்றது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மரமஞ்சள் கட்டையை இதற்கு மாற்றாகக் கேட்டவருக்குத் திட்டவட்டமாக வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். பெர்பெரின் என்னும் மஞ்சள் நிற வேதிப்பொருள் (ஆல்கலாய்டு) நிறைந்த அந்தக் கட்டை மருந்துப் பொருள். பார்பெர்ரிச் செடியிலும் வேர், பட்டை ஆகியவற்றில்தான் பெர்பெரின் மிகுதி. பழுத்த கனியில் குறைவு. வேர், பட்டைச் சாறுகளைக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும். தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஐரோப்பாவில் இருக்கும் சிலர் வேலியோரச் செடியிலிருந்து பறிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். பெர்பெரிஸ் வல்காரிஸ் என்ற இனமாக இருந்தால் பறிக்கலாம். கனிகள் நீள்வட்டமாக, திராட்சைக் குலையைப் போலச் சரமாகத் தொங்கும். இலை விளிம்பில் மெல்லிய பற்கள் இருக்கும். பூங்காக்களில் அழகுக்காக வளர்க்கப்படும் ஜப்பானிய வகையில் இலை விளிம்பு வழவழப்பாகவும், கனிகள் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கும், அது கசக்கும். சாலையோரச் செடியையும் மருந்து தெளித்த செடியையும் விட்டுவிடுங்கள். வல்காரிஸ் கனியிலும் விதை இருப்பதால் ஜெரெஷ்க் பொலோவுக்கு உதவாது. பெக்டின் மிகுந்திருப்பதால் வடிகட்டிய சாறு சர்க்கரையோடு நன்றாக உறைந்து ஜெல்லி ஆகும்.

செடியையே நட விரும்புவோர், குறிப்பாகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள், முதலில் உள்ளூர் வேளாண் துறை விதிகளைப் பார்க்க வேண்டும். கோதுமையைத் தாக்கும் தண்டுத் துரு நோயின் பூஞ்சை தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியைப் பார்பெர்ரி இலையில் கழிக்கிறது என்பதை 1865இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி நிறுவினார். 1918இல் அமெரிக்கா பார்பெர்ரி ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, கோதுமை விளையும் மாநிலங்களில் கோடிக்கணக்கான செடிகளை அழித்தது. அந்நாடுகளில் கட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது. உலர்கனியை வாங்கிச் சமைப்பதற்கு அது தடையில்லை.