ஓர்லாண்டோ தீம் பார்க்குக்கு நாயோடு போகும்போது

அமெரிக்காவின் ஓர்லாண்டோ அருகிலுள்ள டிஸ்னி வேர்ல்டு பூங்காக்களுக்குள் சேவை நாய்களுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கப்பட்டவை) மட்டுமே அனுமதி. வீட்டு நாயைப் பகலில் எங்கே விடுவது என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். டிஸ்னி வளாகத்திலேயே 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற காப்பகம் இருக்கிறது. பகலுக்கு மட்டுமோ, இரவு தங்கவோ விடலாம். சில டிஸ்னி விடுதிகளில் அறைக்கு 2 நாய்கள் வரை கட்டணத்துடன் அனுமதிக்கிறார்கள்.

பலரும் தடுமாறுவது தடுப்பூசியில்தான். காப்பகத்தில் விட, ரேபிஸ், டிஸ்டெம்பர்-பார்வோ (நாய்களைத் தாக்கும் இரு வைரஸ் நோய்கள்) கூட்டு ஊசி, கென்னல் இருமல் என்ற தொற்று இருமலுக்கான போர்டெடெல்லா மூன்றுக்கும் மருத்துவர் தந்த சான்று வேண்டும். ரேபிஸ் ஊசி போட்டதற்கு அடையாளமாகக் கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லை போதாது. போர்டெடெல்லாவை ஊசியாக முதல்முறை போட்டால் 2 முதல் 4 வாரம் கழித்து இரண்டாவது தவணை உண்டு. ஆகவே 6 வாரம் முன்பே தொடங்குங்கள்.

பழகிய உணவையே நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி, பெயரெழுதிக் கொடுங்கள். திடீரென உணவு மாறினால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாசனையுள்ள, துவைக்காத பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள். புது இடத்தில் அதன்மேல்தான் சுருண்டு படுக்கும்.

நாயைக் காரில் விட்டுப் போகவே போகாதீர்கள். வெளியே 32 டிகிரி என்றால் பத்தே நிமிடத்தில் உள்ளே 43 டிகிரி ஆகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பதால் பயனில்லை. பார்க்கிங் தார்த்தரையில் புறங்கையை 7 விநாடி வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் வெந்துபோகும், தூக்கிக்கொண்டே நடங்கள்.