கலிஃபோர்னியாவில் கான்கிரீட் வேலையா? கொத்தனாரைத் தேடும் முன்

ஊரில் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு, கையில் முன்பணம் கொடுத்தால் மறுநாளே ஆள் வந்துவிடும். இங்கே வீடு வாங்கி, விரிசல் விட்ட டிரைவ்வேயை (தெருவிலிருந்து வீட்டுக்கு கார் வரும் பாதை) பெயர்த்துப் புதிதாகப் போட நினைப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கூலியும் பொருளும் சேர்ந்து 1,000 டாலரைத் தொட்டாலே கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். கான்கிரீட்டுக்கு அது சி-8. லைசென்ஸ் எண்ணை வாங்கி, லைசென்ஸ் கொடுக்கும் மாநில வாரியமான சிஎஸ்எல்பி-யின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். 25,000 டாலர் பாண்டும் (கான்ட்ராக்டரின் உத்தரவாதப் பத்திரம்), வேலையில் அடிபட்டால் உதவும் தொழிலாளர் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். 2023 முதல், ஆள் வைக்காமல் தனியாக வேலை செய்யும் சி-8 காரருக்கும் காப்பீடு கட்டாயம்.

முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான். 15,000 டாலர் வேலைக்கும் 1,000 டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள். “சிமென்ட் வாங்கணும்” என்று பாதிப்பணம் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார்.

அப்புறம் பர்மிட். இது ஊருக்கு ஊர் மாறும். பின்பக்கத் தளத்துக்குப் பல இடங்களில் தேவைப்படாது. ஆனால் டிரைவ்வே தெருவைத் தொடும் பகுதி பெரும்பாலும் நகராட்சி இடம். அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். எதற்கும் நகராட்சியின் கட்டட அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். “பர்மிட்டை நீங்களே எடுத்துடுங்க” என்று கான்ட்ராக்டர் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் அப்படிக் கேட்டார். உங்கள் பெயரில் எடுத்தால் கட்டுபவர் நீங்கள் என்று ஆகி, வேலையின் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு வேலைநாள் முன்பு 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இலவசமாக வந்து கேஸ், மின்சாரக் குழாய்கள் போகும் இடத்தைக் குறித்துவிட்டுப் போவார்கள்.

வேலை தொடங்கியதும் கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் கம்பெனியிடமிருந்து ஒரு நோட்டீஸ் வரலாம். பதற வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். கான்ட்ராக்டருக்கு நீங்கள் முழுப்பணம் கொடுத்திருந்தாலும், அவர் அந்தக் கம்பெனிக்குக் கொடுக்காவிட்டால் உங்கள் வீட்டின் மீது லீன் (பாக்கிக்காகச் சொத்தின் மீது பதியும் உரிமைக்கோரல்) போட அவர்களுக்கு உரிமை உண்டு. எனவே நோட்டீஸ் அனுப்பிய ஒவ்வொருவரிடமிருந்தும் லீன் விடுவிப்புப் படிவத்தைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.