கான்ஃபெடரேட் கைம்பெண்களின் பென்ஷன் மனுக்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையைக் கான்ஃபெடரேட் படை என்கிறோம். 1861 முதல் 1865 வரை அதில் இருந்த சிப்பாய்களின் மனைவிகள், கணவன் இறந்த பிறகு உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனுக்கள் தென்மாநில ஆவணக் காப்பகங்களில் ஏராளமாக இருக்கின்றன. பலவற்றை இப்போது வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் பார்க்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருக்கல் குறி மட்டும் போட்டுவிட்டுப் போன ஒரு பெண், தன் வாழ்க்கையைப் பற்றி அரசாங்கத்திடம் சொன்னதில் நமக்குக் கிடைப்பது பல நேரம் இந்த ஒரு காகிதம்தான். அதைத் தவறாகப் படிப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: மனுவைப் படிக்கிறோம், அந்த மனு எந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதில்லை.

வாஷிங்டனில் தேடுவது

முதல் தவறு இது. வடக்குப் படையான யூனியன் படையின் சிப்பாய்களுக்கும் அவர்கள் மனைவிகளுக்கும் பென்ஷன் கொடுத்தது மத்திய அரசு. அந்தக் கோப்புகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கான்ஃபெடரேட் அரசாங்கமோ 1865-லேயே இல்லாமல் போய்விட்டது. தனக்கு எதிராகப் போரிட்டவர்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கவில்லை. ஆகவே அலபாமா, ஜார்ஜியா, டெக்சஸ் என்று ஒவ்வொரு மாநிலமும் தன் கஜானாவிலிருந்து, தனக்கென ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தது. மனுக்களும் அந்தந்த மாநிலக் காப்பகத்தில்தான் இருக்கும். சிப்பாயின் படைப்பணிக் குறிப்புகள் வாஷிங்டனில் கிடைக்கும். மனைவியின் பென்ஷன் மனு அங்கே கிடைக்காது.

இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. 1958-ல் நிறைவேறிய ஒரு சட்டம், அப்போது உயிரோடு இருந்த கான்ஃபெடரேட் கைம்பெண்களையும் மத்திய அரசு பென்ஷனுக்குள் சேர்த்தது. போர் முடிந்து 93 ஆண்டுகள் கழித்து!

தெற்கில் வாழ்ந்தவர் என்றாலே கான்ஃபெடரேட் சிப்பாய்தான் என்று முடிவு கட்டுவதும் இதே வகைத் தவறு. கிழக்கு டென்னசியில் ஆயிரக்கணக்கானோர் யூனியன் படையில் சேர்ந்தார்கள். பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது அணி மாறி, இரண்டு படைகளிலும் இருந்தவர்களும் உண்டு. டென்னசி மாநிலக் கோப்பில் பெயர் இல்லையென்றால் வாஷிங்டனிலும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

போரிட்ட மாநிலத்தில் தேடுவது

கணவன் ஜார்ஜியாவில் திரட்டிய ஒரு ரெஜிமென்டில், அதாவது படைப்பிரிவில், இருந்தான் என்பதால் ஜார்ஜியாவிலேயே வருடக்கணக்கில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். மனு கொடுத்தது மனுவின்போது குடியிருந்த மாநிலத்தில். போருக்குப் பிறகு ஜார்ஜியாவிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் நிலம் தேடி டெக்சஸுக்கும் ஆர்கன்சாவுக்கும் போய்விட்டன. ஜார்ஜியா சிப்பாயின் மனைவி டெக்சஸில் மனு கொடுத்திருப்பாள். பல மாநிலங்கள் இத்தனை வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்ததால், எப்போது இங்கு வந்தாய் என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கும். குடும்பம் எப்போது இடம்பெயர்ந்தது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

அதனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவள் கடைசியாக எந்த மாநிலத்தில் இருந்தாள் என்பதை முதலில் பாருங்கள். 1910 கணக்கெடுப்பில், யூனியன் அல்லது கான்ஃபெடரேட் படையில் இருந்து உயிரோடிருப்பவரா என்று கேட்கும் ஒரு பத்தி இருக்கிறது. 1890-ல் யூனியன் சிப்பாய்களையும் கைம்பெண்களையும் மட்டும் கணக்கெடுத்த தனிப் பட்டியலிலும் சில கான்ஃபெடரேட் பெயர்களைத் தவறாக எழுதி, அப்புறம் அடித்திருக்கிறார்கள். அடித்த பெயரும் படிக்கக் கிடைக்கும்.

கோப்பு இல்லையென்றால் சிப்பாயே இல்லை என்று முடிவு கட்டுவது

இந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஆண்டுகளைப் பாருங்கள். அலபாமா கைம்பெண்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 1886-ல், ஃபுளோரிடா 1889-ல். டென்னசியில் சிப்பாய்களுக்கு 1891-ல் கிடைத்தது. மனைவிகள் 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்கன்சாவில் சிப்பாய்களுக்கு அதே 1891, கைம்பெண்களுக்கோ 1915. கென்டக்கி 1912-ல்தான் தொடங்கியது. ஓக்லஹோமா மாநிலமாக ஆனதே 1907-ல், பென்ஷன் 1915-ல். மிசூரி 1911-ல் சிப்பாய்களுக்குக் கொடுத்தது, கைம்பெண்களுக்குக் கொடுக்கவே இல்லை.

ஆர்கன்சாவில் 1880-ல் கணவனை இழந்து 1910-ல் இறந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடம் கைம்பெண்ணாக இருந்தும் அவள் பெயரில் ஒரு காகிதமும் இருக்காது. அவள் கணவன் போருக்குப் போகவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கேட்பதற்கு ஒரு சட்டம் வருவதற்கு முன்பே அவள் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

சட்டத்தைப் படிக்காமல் பதிலைப் படிப்பது

இங்கேதான் அதிகமாகத் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த மனுக்களில் அந்தப் பெண்கள் தங்கள் கதையைத் தோன்றியபடி சொல்லவில்லை. அச்சடித்த கேள்விக்குப் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலையும் பெரும்பாலும் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலக எழுத்தரோ வக்கீலோதான் எழுதினார். எந்தப் பதில் பணத்தைக் கொண்டுவரும், எந்தப் பதில் மனுவைத் தள்ளுபடி செய்ய வைக்கும் என்று அந்த எழுத்தருக்கு நன்றாகத் தெரியும்.

தொடக்க காலச் சட்டங்கள் பலவற்றில், கணவன் போரில் இறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் போரில் பட்ட காயத்தாலோ முகாமில் தொற்றிய நோயாலோ இறந்திருக்க வேண்டும். அதனால்தான் போர் முடிந்து பல வருடம் கழித்து நுரையீரல் நோயில் இறந்தவர்களுக்கும், முகாமில் தொடங்கிய இருமல் கடைசிவரை விடவில்லை என்று மருத்துவர் வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய் என்று நான் சொல்லவில்லை. முகாம்களில் குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது, உடம்பு கெட்டு வீடு திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் அந்த வாக்குமூலம் ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். பிற்காலப் படிவங்களில் இந்தக் கேள்வி காணாமல் போய்விடும், கூடவே அந்த இருமலும்.

அடுத்தது வறுமை. பெரும்பாலான மாநிலங்கள் வசதியில்லாதவர்களுக்குத்தான் கொடுத்தன. வட கரோலினாவில் 500 டாலருக்கு மேல் சொத்து இருந்தால் கிடையாது. இதனால் இரண்டு தவறுகள் வருகின்றன. படிவத்தில் உள்ள ஏழ்மையை அந்தக் குடும்பத்தின் முழு வாழ்க்கையாக எடுத்துக்கொள்வது ஒன்று. மனு கொடுப்பதற்குச் சில வருடம் முன்பு நிலம் மகன் பெயருக்கு மாறியதா என்பதைக் கவுண்டியின் பத்திரப் பதிவேட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றது இதற்கு நேர் எதிர்: எல்லாம் நடிப்பு என்று தள்ளிவிடுவது. ஒரு பசு, ஒரு படுக்கை, பத்து டாலர் மதிப்புள்ள சமையல் சாமான் என்று வரிசையாகக் கணக்குச் சொல்லி, யார் உன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்ற கேள்விக்குப் பக்கத்து வீட்டார் பெயரைச் சொல்ல வேண்டி வந்த பெண்ணின் நிலைமையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தென் கரோலினா 1919-ல்தான் வறுமை நிபந்தனையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் கொடுத்தது. ஆகவே அந்த மாநிலத்தில் 1919-க்குப் பிறகு மனு கொடுத்தவளை ஏழை என்று எழுதிவிடாதீர்கள்.

கொடுத்த தொகையும் பெரிதல்ல. யூனியன் சிப்பாயின் மனைவிக்கு 1908 முதல் மாதம் 12 டாலர். வட கரோலினாவின் 1901 சட்டம் மனுதாரர்களை நான்கு வகுப்பாகப் பிரித்தது. கை கால் இழந்த சிப்பாய்கள் மேல் வகுப்புகளில், கைம்பெண்கள் கடைசி வகுப்பில், வருடத்துக்கு 30 டாலர். அவள் பெயருக்கு நேராக நான்காம் வகுப்பு என்று இருந்தால் அது பென்ஷன் வகுப்பு. அதைப் படிப்பு என்று நினைத்துக் குறித்துவிடாதீர்கள்.

கல்யாணத் தேதியும் இதே கதைதான். இளம்பெண்கள் பென்ஷனுக்காக வயதான சிப்பாய்களைக் கட்டிக்கொள்வார்கள் என்ற பயத்தில், குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் என்று சட்டங்கள் எல்லை போட்டன. பின்னால் வந்த சட்டங்கள் அந்த எல்லையைத் தள்ளித் தள்ளி வைத்தன. படிவத்தில் உள்ள கல்யாண ஆண்டு அந்த எல்லைக்கு ஒட்டி நின்றால், கவுண்டி கல்யாணப் பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வயது வித்தியாசமான கல்யாணங்கள் உண்மையிலேயே நடந்தன. 2008-ல் ஆர்கன்சாவில் இறந்த மாடி ஹாப்கின்ஸ், 1934-ல் 19 வயதில் 86 வயது சிப்பாய் ஒருவரை மணந்தவர். அந்தக் காலத்து வறுமையில் ஒரு இளம்பெண்ணுக்குக் கூரையும் சாப்பாடும் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசிக்காமல் இதைக் கேலியாக எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மறுமணம் செய்தால் பொதுவாக உரிமை போய்விடும். அதனால் அவள் மறுமணம் செய்யவில்லை என்ற வரி பல படிவங்களில் இருக்கும். அவள் குணத்தைப் பற்றி அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

படைப்பணி விவரங்களை அப்படியே நம்புவது

போர் முடிந்து நாற்பது வருடம் கழித்து, கணவன் சொல்லிக் கேட்டதை வைத்து ஒரு பெண் சொல்கிறாள். அவர்கள் கல்யாணமே போருக்குப் பிறகு நடந்திருக்கலாம். ரெஜிமென்டின் உட்பிரிவான கம்பெனிக்கு ஏ, பி என்று பெயர்; அந்த எழுத்து தவறும், ரெஜிமென்ட் எண் தவறும், கேப்டன் பெயர் மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் அவர் அதே ஊர்க்காரர். கம்பெனிகளை ஊர் ஊராகத்தான் திரட்டினார்கள். எண்ணைவிட கேப்டன் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

போர் முடிந்தபோது எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு வரும் பதில்களைக் கவனியுங்கள். வர்ஜீனியாவின் அப்பமாடக்ஸில் கான்ஃபெடரேட் தளபதி லீயுடன் சரணடைந்தார் என்பார்கள், அல்லது விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தார், திரும்பிப் போவதற்குள் போர் முடிந்துவிட்டது என்பார்கள். படையை விட்டு ஓடியவரின் மனைவிக்குப் பென்ஷன் கிடையாது என்பதால் இந்தப் பதிலுக்குக் கனம் அதிகம். மாநில அதிகாரிகள் வாஷிங்டனுக்கு எழுதிக் கேட்டு, கைப்பற்றப்பட்ட கான்ஃபெடரேட் பதிவேடுகளில் என்ன இருக்கிறது என்று பதில் வாங்கினார்கள். அந்தப் பதில் கடிதம் கோப்புக்குள்ளேயே இருக்கலாம். கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள். அதற்காக வாஷிங்டன் கடிதத்தையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1864, 65-ஆம் ஆண்டுப் பதிவேடுகள் நிறையத் தொலைந்துபோயின. பெயர் இல்லை என்று வந்த கடிதம் ஒரு நேர்மையான பெண்ணின் மனுவையும் கெடுத்திருக்கும்.

சாட்சிகளை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. கூட இருந்த சிப்பாய்கள் என்று கையெழுத்துப் போட்டவர்கள் மைத்துனனாக, சம்பந்தியாக, ஒரே தேவாலயத்தைச் சேர்ந்தவராக இருப்பது சாதாரணம். கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன் என்று சாட்சி சொன்னவர் மணப்பெண்ணின் அண்ணனாகக்கூட இருக்கலாம். அவள் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாமல் தவிப்பவர்களுக்கு இந்தச் சாட்சிகள்தான் வழி.

முதல் காகிதத்தோடு நிறுத்திக்கொள்வது

தள்ளுபடியான மனுக்களையும் கேளுங்கள். பணம் கிடைத்தவள் ஒரு படிவத்தோடு நிறுத்திவிடுவாள். மறுக்கப்பட்டவள் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதுவாள், அந்தக் கடிதங்களில் படிவம் கேட்காத விஷயங்கள் வரும். கணவனும் முன்பே பென்ஷன் வாங்கியிருந்தால் அவருக்குத் தனிக் கோப்பு. டென்னசியில் சிப்பாய்க்கு எஸ் என்றும் கைம்பெண்ணுக்கு டபிள்யூ என்றும் தொடங்கும் வெவ்வேறு எண்கள் கொடுத்தார்கள். ஒன்று கிடைத்தால் மற்றதையும் தேடுங்கள். பெயர்ப் பட்டியலில் அவள் சொந்தப் பெயரில் இல்லாமல், கணவனின் முதலெழுத்துகளோடு திருமதி என்று மட்டும் இருப்பாள். டெக்சஸில் தேடுபவர்கள் ஆஸ்டினில் 1908-ல் திறந்த கான்ஃபெடரேட் பெண்கள் இல்லத்தின் பதிவுகளையும் விட்டுவிட வேண்டாம்.

பணியாளர் பென்ஷனைத் தவறாகப் படிப்பது

இந்தத் தவறுதான் பெரிய தீங்கு செய்கிறது. இதே சட்டங்களின் தொடர்ச்சியாக, போர்முகாமில் சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் கொண்டுபோகப்பட்ட கருப்பினத்தவருக்கும் சில மாநிலங்கள் பென்ஷன் கொடுத்தன. மிசிசிப்பி 1888-லேயே தொடங்கியது. டென்னசி 1921-லும், தென் கரோலினா 1923-லும், வர்ஜீனியா 1924-லும், வட கரோலினா 1927-லும் வந்தன. இந்தக் காகிதங்களைக் காட்டி, கருப்பினச் சிப்பாய்களும் கான்ஃபெடரேட் படையில் விரும்பிப் போரிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். சட்டங்களைத் திறந்து பார்த்தால் அவர்களைச் சிப்பாய் என்று சொல்லவில்லை, பணியாளர் என்றே சொல்கின்றன. படிவம் கேட்பது யாருக்குப் பணிவிடை செய்தாய், எஜமானர் பெயர் என்ன என்று. போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒரு அடிமைக்கு இருக்கவில்லை. அடிமையாய் உழைத்தவர்களுக்கும் பென்ஷன் வேண்டும் என்று லட்சக்கணக்கானோரைத் திரட்டிய காலி ஹவுஸ் என்ற பெண்ணை, அஞ்சல் மோசடி என்று வழக்குப் போட்டு 1917-ல் சிறைக்கு அனுப்பினார்கள். கான்ஃபெடரேட் கைம்பெண்களுக்கு மாநிலங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் நடந்தது இது.

அந்தப் படிவங்களுக்கு நல்ல பயன் ஒன்று இருக்கிறது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகளைப் பெயரில்லாமல், உரிமையாளர் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் போன்றவற்றை மட்டும் போட்டு எழுதினார்கள். 1870-ல்தான் விடுதலையானவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். இந்த இரண்டு பட்டியலையும் இணைக்க எஜமானர் பெயர் தேவை, பணியாளர் படிவத்தில் அது இருக்கிறது. கருப்பினக் குடும்பத்தின் வேர் தேடுபவர்கள் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பக்கத்தை. பல காப்பகங்களில் அது கைம்பெண்களின் கோப்புகளுக்கு அடுத்த தொகுப்பில்தான் இருக்கும்.